அகச்சிவப்பு வானத்தின் பதிவேடுகள்: பெறும் முறையும் படிக்கும் முறையும்

திருமலைக்கு நடந்து செல்லும் பாதை அலிபிரியில் தொடங்குகிறது. அங்கிருந்து மலைமீது செல்லச் சுமார் 3,550 படிகள் ஏற வேண்டும். பாதையின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. கூரையில்லாத இடங்களில், கோடைக்காலத்தில் பகல் முழுதும் வெயிலில் காய்ந்த கற்கள் கதிரவன் மறைந்து நெடுநேரம் சென்ற பின்னும் வெறுங்காலைச் சுடும். கல்லைத் தொடாமல் உள்ளங்கையை அதற்கு ஓரங்குல உயரத்தில் பிடித்தாலும் சூடு தெரியும். இருட்டில் அந்தக் கல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் அது ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அவ்வொளி நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளி என்பதே வேறுபாடு.

எப்பொருளும் தன் உஷ்ணநிலைக்கேற்ற அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசுகிறது. 2,898 என்னும் எண்ணைப் பொருளின் கெல்வின் உஷ்ணநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரான் அளவில் கிடைக்கும். கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அதன் கதிர்வீச்சு அரை மைக்ரானில் உச்சம் அடைகிறது. நம் கண்கள் காண்பதும் அதனையே. 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள கற்படிக்கு உச்சம் 9 மைக்ரான். படியேறும் மனிதரின் உடலுக்கும் ஏறத்தாழ அதுவே. விண்மீன்களைச் சூழ்ந்து மிதக்கும் 100 கெல்வின் அளவான குளிர்ந்த தூசுக்கோ உச்சம் 29 மைக்ரான்.

இக்கணக்கிலிருந்து வான நூலார் எதிர்ப்படும் இரு தடைகளும் விளங்கும். 10 மைக்ரானுக்கு அருகில் வானத்தை நோக்கும் ஒருவருக்குத் தொலைநோக்கியே ஒளிர்கிறது. அதன் குழாயும் கண்ணாடியும் சுற்றியுள்ள காற்றும் ஒளிர்கின்றன. பட்டப்பகலில், விளக்குகளால் செய்த தொலைநோக்கியைக் கொண்டு விண்மீன் தேடுவதை ஒத்தது அது. மற்றொரு தடை நீராவி. வாயு மண்டலத்திலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பு அலைகளில் பெரும்பாலானவற்றை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. சில குறுகிய சாளரங்களே திறந்துள்ளன. 30 மைக்ரானுக்கு மேல் தரைமட்டத்தில் அச்சாளரங்களும் அநேகமாக அடைபட்டுவிடும். திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள தேசிய வாயு மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரும் பிற கருவிகளும் இதே வாயு மண்டலத்தை ஆராய்கின்றன. அங்குள்ளோருக்கு ஆராய்ச்சிப் பொருளாக இருப்பது வான நூலாருக்கு இடையூறாக நிற்கிறது.

நம் நாட்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இத்தடையைத் தாண்ட 100 சென்டிமீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பெரும் பலூன்களில் உயரே அனுப்பி வந்துள்ளனர். எனினும் பலூன் சில மணி நேரமே மிதக்கும். வானம் முழுவதையும் அளக்கக் கருவியை விண்வெளியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

முதன்முதல் அவ்வாறு நிறுத்தப்பெற்றது ஐராஸ் என்னும் துணைக்கோள். அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து அமைத்த அதனை 1983-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் ஏவினர். அதன் கண்ணாடி 57 சென்டிமீட்டர் விட்டமே உடையது. ஆனால் அது திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டுத் தன் ஒளியைத் தானே அடக்கிக்கொண்டிருந்தது. 12, 25, 60, 100 மைக்ரான் ஆகிய நான்கு பட்டைகளில் வானத்தின் 96 சதவீதத்தை அது அளந்தது. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஹீலியம் தீர்ந்தது. கருவியின் ஆயுள் பத்து மாதங்களே. 1984 நவம்பரில் வெளிவந்த அதன் புள்ளி மூலப் பட்டியலில் சற்றேறக்குறைய 2,45,000 மூலங்கள் இடம்பெற்றன. கருவி மௌனமாகி நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன. பட்டியல் இன்றும் நாள்தோறும் புரட்டப்படுகிறது.

பிறர் அளந்ததில் நம்மவர் கண்டது

விண்வெளித் தொலைநோக்கி நமக்கு உரியதன்று. அதன் அளவைகளால் நமக்கு ஆவதென்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக நிற்பது எச்.டி. 161796 என்னும் விண்மீனின் வரலாறு.

ஹெர்குலிஸ் ராசிக் கூட்டத்தில் உள்ள இவ்விண்மீனின் ஒளித்தரம் ஏறத்தாழ 7. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சிறு இருகண் நோக்கியில் தெரியும். ஆடி மாத முன்னிரவுகளில் திருப்பதியிலிருந்து பார்ப்போருக்கு வடதிசையில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். இதன் நிறமாலை மிகப் பெரிய ‘அதிராட்சத’ விண்மீனுக்குரியது. அத்தகைய விண்மீன்கள் பெருநிறையுடையவை, இளமையானவை, ஆகவே பால்வீதியின் தளத்தை ஒட்டியே பிறந்து அங்கேயே மடிபவை என்பது பொதுவிதி. இதுவோ தளத்தினின்று 30 டிகிரிக்கும் மேல் விலகியுள்ளது. இளம் விண்மீன் ஒன்று அத்துணைத் தொலைவில் எவ்வாறு வந்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது.

1986-இல் பெங்களூர் இந்திய வான் பௌதிகக் கழகத்தைச் சேர்ந்த மு. பார்த்தசாரதியும் நெதர்லாந்து நாட்டு குரோனிங்கன் நகரைச் சேர்ந்த பொட்டாஷும் ஐராஸ் பட்டியலில் இவ்விண்மீனுக்குரிய வரியை எடுத்து ஆராய்ந்தனர். நான்கு பட்டைகளிலும் அதன் கதிர்வீச்சு முறையே ஏறத்தாழ 6, 184, 152, 49 ஜான்ஸ்கி. ஜான்ஸ்கி என்பது கதிர்வீச்சுப் பாய்வின் அலகு. வெறும் விண்மீன் மட்டுமே அங்கு இருந்திருப்பின் 25 மைக்ரானில் ஒரு ஜான்ஸ்கிகூடத் தேறியிராது. எஞ்சியதெல்லாம் விண்மீனைச் சூழ்ந்த குளிர்ந்த தூசுறையிலிருந்து வருவது. அவ்வளவு தூசியை உதறிய விண்மீன் இளையதாக இருத்தல் இயலாது. கதிரவனைப் போன்ற நிறையுடைய விண்மீன் முதுமையில் ஊதிப் பெருத்து, மேலுறையை விண்வெளியில் இறைத்துவிட்டு, எஞ்சிய உட்கரு சுருங்கிச் சூடேறுகின்ற இடைக்காலத்தில் அது நிற்கிறது. உதறிய உறை பிற்பாடு கிரக நெபுலாவாக ஒளிரும் என்பது அவர்கள் எய்திய முடிவு. இளையது என்று கருதப்பட்டது முதியதாயிற்று. புதிரும் தீர்ந்தது.

இம்முடிவுக்குப் புதிய துணைக்கோள் எதுவும் தேவைப்படவில்லை. எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பட்டியலில் சரியான வரியைச் சரியான வினாவுடன் படித்ததே போதுமாயிற்று. அன்று அப்பட்டியலைப் பெறுவது எளிதன்று. காந்த நாடாவிலோ பருத்த அச்சுத் தொகுதியிலோ கடல் கடந்து வர வேண்டும். இன்றோ அலிபிரியின் அடிவாரத்தில் சாதாரணக் கணிப்பொறியும் வலைத் தொடர்பும் உடைய ஓர் ஆசிரியர் அதே வரியைச் சில நிமிடங்களில் காணலாம். கட்டணம் இல்லை, பல்கலைக்கழகச் சான்று வேண்டுவதில்லை, பெயர்ப் பதிவும் கட்டாயமன்று. இரவு முழுதும் அணையாத விளக்கொளியும் மழைக்கால மேகமும் இவ்வானத்தை மறைப்பதில்லை.

காப்பகத்தின் வாயில்

அகச்சிவப்பு அளவைகளின் மிகப் பெரிய தொகுப்பு அமெரிக்காவில் பாசடீனா நகரிலுள்ள கலிபோர்னியா தொழில் நுட்பக் கழகத்தில் காக்கப்படுகிறது. ‘இர்சா’ என்பது அதன் சுருக்கப் பெயர். ஐராஸ் பட்டியல்களும், 2003 முதல் 2020 வரை இயங்கிய ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அளவைகள் யாவும், 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் துணைக்கோளின் அளவைகளும் அங்கு உள்ளன. ஐரோப்பியரின் ஹெர்ஷல், ஜப்பானியரின் அகாரி ஆகியவற்றின் பல தொகுப்புகளையும் அங்கிருந்தே காணலாம். 2021 டிசம்பர் 25-ஆம் நாள் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவைகள் பால்டிமோர் நகரில் வேறொரு காப்பகத்தில் சேர்கின்றன. அவற்றுள் பல முதல் 12 மாதங்கள் அளந்தவருக்கே உரிமையாயிருந்து பின்னரே பொதுவாகும். பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள நிலையம் விண்மீன்களின் பெயர்களையும் ஆயிரக்கணக்கான பட்டியல்களையும் ஒருங்கே தொகுத்து வைத்துள்ளது. புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களிடை வானியல் மையத்தார் இத்தகைய பட்டியல்களை வரைபடமாக்கும் மென்பொருளை முன்னர் இந்தியாவிலேயே இயற்றியளித்தனர் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

வாயில்கள் பலவாயினும் நுழையும் முறை ஒன்றே. வானத்தில் ஓரிடத்தைக் குறிப்பிட வேண்டும். அதனைச் சுற்றி எத்துணைப் பரப்பைத் தேடுவது என்று கூற வேண்டும். எந்தப் பட்டியலில் என்று சொல்ல வேண்டும். இடத்தைப் பெயராலும் கூறலாம், எண்களாலும் கூறலாம். எச்.டி. 161796 என்று எழுதினால் காப்பகம் அதன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்ளும். தேடும் பரப்பைத் துணைக்கோளின் பார்வைக் கூர்மைக்கேற்ப வகுத்தல் வேண்டும். ஐராஸ் கருவி வானத்தைச் சில பாகைநிமிடம் நீளமுள்ள பட்டைகளாகவே உணர்ந்தது. ஆகவே அதன் பட்டியலில் 2 பாகைநிமிட ஆரம் தேடுவது தகும். வைஸ் கருவியின் கூர்மை 3.4 மைக்ரானில் 6 பாகைவினாடி, 22 மைக்ரானில் 12 பாகைவினாடி. அங்கு 10 பாகைவினாடி ஆரமே போதும். வைஸ் பட்டியலில் ஐராஸுக்குரிய ஆரத்தைக் கொடுப்பவர் தம் விண்மீனுக்குப் பதில் அண்டை அயலாரின் பெரும் பட்டியல் ஒன்றைப் பெறுவர். அதன் முழுவானப் பட்டியலிலுள்ள மூலங்கள் 74 கோடிக்கும் மேற்பட்டவை.

வினாவுக்கு விடையாக ஓர் அட்டவணை வரும். அதனைச் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அளவில் மிகச் சிறியது. படங்கள் வேண்டுமாயின் அவை ‘ஃபிட்ஸ்’ என்னும் வடிவில் வரும். இதனைச் சாதாரணப் புகைப்படமாகக் கருதலாகாது. ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கப்பட்ட எண் அப்படியே வைக்கப்பட்டிருக்கும். கோப்பின் தலைப்பில் எந்நாள், எக்கருவி, எத்திசை, எந்த அலகு என்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டின் முதற்பக்கத்தைப் படியாமல் உள்ளே உள்ள எண்களைக் கூட்டுவது முறையாகாது என்பதைக் களப்பணியாளருக்குக் கூற வேண்டுவதில்லை. ஸ்பிட்சர் படங்கள் பல படிகளில் கிடைக்கின்றன: கருவி தந்த மூலப் பதிவு, பிழை நீக்கி அலகு சேர்த்த பதிவு, பல பதிவுகளை இணைத்த தொகுப்புப் படம் என. புதிதாகப் பயில்வோர் இறுதியாகக் கூறிய தொகுப்புப் படத்தை எடுத்துக்கொள்வதே நன்று. மூலப் பதிவைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

பெயரிலேயே உள்ள பொறி

ஐராஸ் மூலங்களின் பெயர்கள் அவற்றின் விலாசங்களே. எச்.டி. 161796-க்கு அப்பட்டியலில் வழங்கும் பெயர் ஐராஸ் 17436+5003. இதன் பொருள்: வல ஏற்றம் 17 மணி 43.6 நிமிடம், நடுவரை விலக்கம் வடக்கே 50 டிகிரி 3 நிமிடம். இவ்வெண்களை அப்படியே தேடும் கட்டத்தில் இட்டால் வெற்றிடமே கிடைக்கக்கூடும். ஏனெனில் பெயரிலுள்ள எண்கள் 1950-ஆம் ஆண்டின் சட்டகத்தைச் சார்ந்தவை. காப்பகங்கள் கேட்பதோ 2000-ஆம் ஆண்டின் சட்டகம்.

பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால் வானத்தின் கோட்டுவலை ஆண்டுதோறும் 50 பாகைவினாடி நகர்கிறது. நம் பஞ்சாங்கக்காரர் அயனாம்சம் என்று கணக்கிடுவதும் இந்நகர்வையே. 50 ஆண்டுகளில் அது 42 பாகைநிமிடம் வரை சேரும். இவ்விண்மீன் நிற்கும் திசையில் மாற்றம் அதனினும் குறைவு. வல ஏற்றம் 17 மணி 44.9 நிமிடம் ஆகிறது. அதனைக் கோணமாக மாற்றினால் 12 பாகைநிமிடம், அதாவது முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தேடும் ஆரம் 2 பாகைநிமிடமாயிருக்கையில் இப்பிழை முற்றிலும் வேறொரு வானத்தைக் காட்டிவிடும். அங்குத் தற்செயலாக வேறொரு மூலம் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். விடை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் தவறான விண்மீனின் கணக்கை எழுதத் தொடங்கிவிடுவோம். பழைய நில அளவைப் படத்தையும் புதிய படத்தையும் எல்லைக்கல் ஒத்துப் பாராமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் ஆகும்.

எண்ணும் அதன் அருகேயுள்ள குறியும்

மழைமானிப் பதிவேட்டில் ‘மழை இல்லை’ என்பதும் ‘அன்று பார்க்கப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. அளக்க இயலாத சிறு தூறலுக்கு மூன்றாவது குறி ஒன்றுண்டு. இவற்றை வேறுபாடின்றிச் சுழியம் என்று எழுதிவிட்டால் மாத சராசரி பொய்யாகும். அகச்சிவப்புக் காப்பகத்திலும் இதுவே நிலை. அணுகும் முறையில் பாதி இக்குறிகளைப் படிப்பதில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வழிகாட்டி நூல்கள் பல இதனைக் கடைசிப் பக்கத்திற்கு ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது.

ஐராஸ் அட்டவணையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண்ணும், அதன் தரத்தைக் கூறும் இலக்கம் ஒன்றும் இருக்கும். இலக்கம் 3 என்றால் அளவை உறுதியானது. 2 என்றால் நடுத்தரம். 1 என்றால் அது அளவையே அன்று. மேல் வரம்பு என்றே அதனைக் கொள்ள வேண்டும். அப்பட்டையில் மூலம் தென்படவில்லை, இருந்தாலும் இவ்வெண்ணுக்கு மேல் இராது என்பதே அதன் பொருள். பல விண்மீன்களுக்கு 100 மைக்ரான் பட்டையில் பெரிய எண் ஒன்று காணப்படும்; அருகே 1 என்னும் குறியும் இருக்கும். குறியைப் பாராதவர் அங்குக் குளிர்ந்த தூசுறை உண்டெனக் கொள்வர். உண்மையில் அங்கு இருப்பது பால்வீதியில் இறகுபோல் பரவிக் கிடக்கும் பின்புலத் தூசுமேகமாக இருக்கலாம். இம்மேகத்தின் மிகுதியைக் கூறும் தனிக்குறிகளும் பட்டியலில் உள்ளன.

வைஸ் பட்டியலில் தரக்குறிகள் எழுத்துகளாக இருக்கும். ஏ என்பது அளவை இரைச்சலைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ உள்ளது. பி என்பது 3 முதல் 10 மடங்கு. சி என்பது 2 முதல் 3 மடங்கு. யு என்பது மேல் வரம்பு. இவற்றுடன் கலப்படத்தை அறிவிக்கும் குறிகளும் உண்டு. பிரகாசமான அண்டை விண்மீனின் ஒளிக்கதிர்க் கீற்று, ஒளிவட்டம், கண்ணாடிகளுக்கிடையே தோன்றும் போலி உருவம், முந்திய காட்சி உணரியில் விட்டுச் சென்ற எச்சம் என்பன அவை. இவை நான்கும் விண்மீன் போலவே தோற்றமளிக்கும். புதிய விண்மீன் கண்டுவிட்டதாக மாணவர் ஒருவர் மகிழ்ச்சியுடன் வரின் ஆசிரியர் முதலிற் கேட்க வேண்டியது இக்குறியை.

பின்னர் வந்த கருவி எப்போதும் மேலானது என்று எண்ணுவதும் சரியன்று. எச்.டி. 161796-க்கே திரும்புவோம். 25 மைக்ரானில் இதன் கதிர்வீச்சு 184 ஜான்ஸ்கி என்று கண்டோம். வைஸ் கருவியின் 22 மைக்ரான் உணரியோ சுமார் 12 ஜான்ஸ்கிக்கு மேல் நிரம்பி வழிந்துவிடும். மங்கலான விண்மீன்களைக் காண அமைக்கப்பட்ட கருவி அது. பிரகாசமானவை அதற்குத் தாங்காது. நிரம்பாத ஓரங்களைக் கொண்டு கணித்த மதிப்பு பட்டியலில் தரப்படும், எத்தனை புள்ளிகள் நிரம்பின என்பதும் உடன் குறிக்கப்படும். இவ்விண்மீனைப் பொறுத்தவரை 1983-ஆம் ஆண்டின் சிறு கண்ணாடி தந்த எண்ணே நம்பத்தக்கது. எச்.டி. 161796-ஐ ஆராயும் ஒருவர் இரு பட்டியல்களையும் ஒருங்கே வைத்துக்கொள்ளலாம். 22 மைக்ரான் கட்டத்தில் மட்டும் ஐராஸுக்கு முதலிடம் தருதல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

உயர்நிலை வகுப்புகளில் மடக்கைத் தாளைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இவ்விண்மீனின் நான்கு எண்களைக் கொண்டு நல்ல பயிற்சி ஒன்று நடத்தலாம். கிடைக்கோட்டில் 12, 25, 60, 100 மைக்ரானையும், செங்குத்துக் கோட்டில் 6, 184, 152, 49 ஜான்ஸ்கியையும் குறித்து, நான்கு புள்ளிகளையும் இழையோடு வளைகோட்டால் இணைக்கச் செய்க. உச்சம் 25-க்கும் 60-க்கும் இடையில் விழும். இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முன்னர்க் கூறிய 2,898 என்னும் எண் அலைநீளத்தின்படி பகுத்த கதிர்வீச்சுக்குரியது. ஜான்ஸ்கி அலகு அதிர்வெண்ணின்படி பகுத்தது. இவ்வலகில் வரைந்த கோட்டின் உச்சத்துக்கு 5,100 என்னும் எண்ணைப் பயன்படுத்த வேண்டும். மாணவர்கள் உச்சத்தை 34 மைக்ரானிலிருந்து 51 மைக்ரான் வரை வெவ்வேறு இடங்களில் குறிப்பர். அதற்கேற்ப 150 கெல்வின் முதல் 100 கெல்வின் வரை விடை வரும். தூசு முழுமையான கரும்பொருளாக ஒளிர்வதில்லையாதலால் உண்மை இவ்விடைவெளியின் கீழ்ப்பாதியில் இருக்கக்கூடும். எவ்வாறாயினும் அத்தூசு உறைபனியைவிட நூறு டிகிரிக்கும் மேல் குளிர்ந்தது. அவ்வளவு குளிர்ந்த பொருளும் ‘ஒளிர்கிறது’ என்பதைத் தம் கையால் வரைந்த கோட்டிலிருந்து மாணவர் உணர்வது, பாடநூலில் அவ்விதியை நெட்டுருச் செய்வதினும் எத்தனையோ மேல்.

பயிற்சி முடிந்தபின் குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதி வைக்கும் பழக்கத்தை வற்புறுத்துக: தேடிய நாள், பட்டியலின் பெயரும் பதிப்பும், கொடுத்த இடமும் ஆரமும், தரக்குறிகள். பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஐராஸ் பட்டியலுக்கே இரண்டாம் பதிப்பு உண்டு. எந்தப் பதிப்பு என்று எழுதாத எண்ணைப் பிறர் சரிபார்க்க இயலாது.

இதற்கு மேலும் செல்ல விரும்புவோர் காலத்தால் மாறும் விண்மீன்களை எடுத்துக்கொள்ளலாம். வைஸ் துணைக்கோளின் குளிர்விப்பான் 2010-இல் தீர்ந்தது. 2011 பிப்ரவரியில் அதனை உறங்கவிட்டனர். 2013 டிசம்பரில் மீண்டும் எழுப்பி, குளிர்விப்பான் தேவைப்படாத 3.4, 4.6 மைக்ரான் ஆகிய இரு பட்டைகளில் 2024-ஆம் ஆண்டு வரை இயக்கினர். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது வானம் முழுதும் சுற்றி வந்தது. ஆகவே வானத்தின் எந்த இடத்துக்கும் பத்தாண்டுக்கு மேற்பட்ட வரலாறு காப்பகத்தில் கிடக்கிறது. 2015-இல் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் வான நூலார், விண்மீன்கள் பிறக்கும் பகுதிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இத்தகைய காப்பக அளவைகளைப் பயன்படுத்தி வருகின்றனர். அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் ஐயம் எழும்போது அணுகத்தக்க இடம் அது.

காலத்தின் மாற்றத்தைக் காட்டுவதில் பழைய பதிவின் மதிப்பு எத்தகையது என்பதற்குப் பார்த்தசாரதியின் பிற்கால ஆராய்ச்சி ஒன்றே சான்று. தென்வானத்தில் ஏரா கூட்டத்தில் எஸ்.ஏ.ஓ. 244567 என்றொரு விண்மீன் உள்ளது. திருப்பதியிலிருந்து பார்ப்போருக்குத் தென் அடிவானத்துக்கு மேல் 17 டிகிரிக்கு மேல் அது எழுவதில்லை, தொலைநோக்கியின்றித் தெரியாது. ஐராஸ் பட்டியலில் அதன் பெயர் 17119−5926. அதில் காணும் நான்கு எண்களின் விகிதம் கிரக நெபுலாக்களின் விகிதத்தை ஒத்திருந்தது. ஆனால் 1971-இல் எடுக்கப்பட்ட நிறமாலையிலோ நெபுலாவின் கோடுகள் இல்லை. வெறும் நீலநிற அதிராட்சத விண்மீனாகவே அது காணப்பட்டது. 1990-ஐ ஒட்டி மீண்டும் பார்த்தபோது நெபுலாவுக்குரிய ஒளிர்கோடுகள் தெளிவாக இருந்தன. 1993-இல் பார்த்தசாரதியும் உடனாய்வாளரும் இவ்விண்மீன் 40 ஆண்டுகளுக்குள் கிரக நெபுலாவாக மாறிவிட்டது என்று அறிவித்தனர். பல்லாயிரம் ஆண்டு நிகழ்ச்சி எனக் கருதப்பட்டதன் ஒரு கட்டம் மனித ஆயுளுக்குள் அடங்கிற்று.

அதன் கதை அத்துடன் நிற்கவில்லை. 1971-இல் சுமார் 21,000 கெல்வினாக இருந்த விண்மீனின் உஷ்ணநிலை 2002-இல் 60,000 கெல்வினை எட்டியது. பின்னர்த் திரும்பிக் குறையத் தொடங்கி 2015-இல் 50,000 கெல்வின் ஆயிற்று. ஹப்பிள் தொலைநோக்கி 1996-இலும் 2016-இலும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது நெபுலாவில் ஆக்சிஜன் வாயுவின் ஒளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குன்றியிருந்தது. அவ்விரு படங்களும், ஐராஸ் வரியும், வைஸ் துணைக்கோளின் அளவைகளும் காப்பகங்களில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி உள்ளன. நெபுலா மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த படம் எடுக்கப்படும்போது ஒப்பிட இவையே இருக்கும்.